சனிக்கிழமைக் கணக்கு வகுப்பு: கேள்வி பதில்

காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் சனிக்கிழமை மதியம் எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு வெளியே கணக்கு நடத்துகிறேன். இது ஒன்பதாவது வருடம். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளை வைத்து இதே மாதிரி தொடங்க நினைப்பவர்களும் சில பெற்றோர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. கடைசிக் கேள்வி ஒரு மாணவியுடையது.

கணித ஆசிரியை, குடியாத்தம்: பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது சார்? அரையாண்டில் 95க்கு மேல் வாங்கியவர்கள் என்று வைக்கலாமா?

வேண்டாம் டீச்சர். முதல் வருடம் நான் செய்த தப்பு அதுதான். மார்க் லிஸ்ட்டைப் பார்த்து முப்பது பேரைக் கூப்பிட்டேன்; தீபாவளி வருவதற்குள் பதினொரு பேர்தான் மிச்சம். போனவர்கள் மக்குப் பிள்ளைகள் இல்லை. பார்த்த கணக்கைப் பிசகாமல் போடுகிறவர்கள். பார்க்காத கணக்கு வந்ததும் "இது எந்தப் பயிற்சியில வருது சார்?" என்று கேட்டார்கள்.

இப்போது ஒரே ஒரு கணக்குதான் கொடுக்கிறேன். 1 முதல் 10 வரை பலகையில் எழுது. ஏதாவது இரண்டு எண்களை அழித்துவிட்டு, பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து வந்ததை எழுது. இப்படியே போனால் கடைசியில் ஒரு எண் நிற்கும். அது 0 ஆக இருக்க முடியுமா? ஒரு வாரம் டைம். விடையை அப்புறம் பார்க்கலாம். நோட்டில் எத்தனை பக்கம் கிறுக்கியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். "0 வராது போல சார், ஆனா ஏன்னு தெரியல" என்று வந்து நிற்கும் பிள்ளைக்கு அப்போதே இடம் உண்டு. கணக்கில் 58 வாங்கிய ஒரு பையன் அப்படித்தான் வந்தான். போட்ட கணக்கு பாதியில் நின்றால் ராத்திரி சோறு இறங்காத ரகம். மூன்று வருடம் ஒரு சனிக்கிழமை விடவில்லை.

பதினைந்து பேருக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொருவர் நோட்டையும் எட்டிப் பார்க்க முடிய வேண்டும்.

ஒரு தந்தை, ராணிப்பேட்டை: என் பையன் எட்டாவது. யூடியூப் பார்த்து ப்ளஸ் டூ வகைநுண்கணிதம் (கால்குலஸ்) போடுகிறான். மேல் வகுப்புப் பாடத்தையே வேகமாக நடத்தினால் என்ன?

ஓடுகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் வகைநுண்கணிதத்தில் அடுக்கை முன்னால் கொண்டுவந்து அடுக்கில் ஒன்றைக் குறைப்பது, வாய்பாடு ஒப்பிப்பது மாதிரி ஒரு கைப்பழக்கம். ஒரு நாள் அவனிடம் "பகா எண்கள் முடிவில்லாமல் போகும் என்கிறார்களே, எண்ணிப் பார்த்தா சொன்னார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்குப் பெருக்கலும் வகுத்தலும் போதும். யூக்ளிட் சுமார் 2,300 வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். பையன் அரை மணி நேரம் மோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எங்களிடம் அனுப்புங்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை என்றால் அவன் வழியிலேயே போகட்டும், அதுவும் தப்பில்லை. ஜே.இ.இ. கோச்சிங்தான் மனதில் இருக்கிறது என்றால், அது வேறு கடை.

ஆசிரியர், ஆம்பூர்: எனக்குச் சர்வீஸ் நாலு வருடம்தான். எனக்கே விடை தெரியாத கணக்கு வந்துவிட்டால் என்ன செய்வது அய்யா?

வரும் தம்பி. எனக்கு இன்னும் வருகிறது.

ஒரு மார்கழியில் சிக்குக் கோலத்தை எடுத்தேன். நேர்ப்புள்ளி, 3 வரிசை, வரிசைக்கு 4. கம்பி புள்ளிகளுக்கு நடுவே குறுக்கே வெட்டிக்கொண்டு போய் ஓரத்தில் மட்டும் திரும்ப வேண்டும். இப்படி வரைந்தால் முழுக் கோலமும் ஒரே கம்பியில் முடியும். "4க்கு 6ம் இப்படித்தான்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து வந்து, சாக்பீஸை வாங்கி வரைந்தது. கம்பி புறப்பட்ட இடத்துக்கே வந்து மூடிக்கொண்டது. தொடாத இடம் இன்னும் கிடந்தது. அங்கிருந்து இன்னொரு கம்பி. "ரெண்டு வருது சார்."

அப்புறம் வகுப்பே தரையில் உட்கார்ந்துவிட்டது. 5க்கு 5 வைத்தால் ஐந்து கம்பி. 3க்கு 6 வைத்தால் மூன்று. 4க்கு 5 வைத்தால் ஒன்றே ஒன்று. முக்கால் மணி நேரம் கழித்து அதே பெண், "ரெண்டு நம்பருக்கும் மீப்பெரு பொதுக் காரணி என்னவோ அத்தனை கம்பி சார்" என்றது. ஆறாம் வகுப்பில் படித்துவிட்டு மறந்துபோன சமாச்சாரம் வாசலில் கிடக்கிறது! ஏன் அப்படி என்று அன்றைக்கு எனக்கு நிரூபிக்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். கம்பியைச் சுவரில் பட்டுத் திரும்பும் பந்தாக நினைத்துப் பார்த்து, இரண்டு வாரம் கழித்துச் சேர்ந்தே பிடித்தோம்.

விடை கையில் இருப்பது போல நடிக்காதீர்கள். இந்தப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

தலைமை ஆசிரியர், பேர்ணாம்பட்டு: எங்களுடையது தமிழ்வழிப் பள்ளி. நல்ல கணக்கெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றனவே?

முதல் இரண்டு மாதம் கணக்கை நாங்களே தமிழில் சொல்லிவிடுவோம். அப்புறம் அதே கணக்கை ஆங்கிலத்தில் கையில் கொடுப்போம். பகா எண், மீதி, சர்வசமம், நாண் என்று ஐம்பது, அறுபது சொற்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளே இருமொழிப் பட்டியல் வைத்துக்கொள்கிறார்கள். யோசிப்பதும் வாதம் பண்ணுவதும் தமிழில்தான். ஆங்கிலம் தடுக்கிப் போனவர்களை நான் பார்த்ததில்லை. கணக்கு வருவதற்கு முன்பே ஆங்கிலத்தைக் காட்டி மிரட்டியதால் போனவர்கள் உண்டு.

ஒரு தாய், வாலாஜா: எந்தப் போட்டிகளுக்கு அனுப்பலாம்?

சென்னையில் 1965ல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் என்.எம்.டி.சி. (தேசியக் கணிதத் திறன் போட்டி) நல்ல தொடக்கம். ஏழு, எட்டாம் வகுப்புக்கான நிலைக்குக் கணித அறிஞர் கப்ரேகர் பெயர். மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி வாத்தியாராக இருந்தவர் என்பதால் எனக்கு அதில் தனிச் சந்தோஷம். அடுத்தது கணித ஒலிம்பியாடுக்கான முதல் தகுதித் தேர்வு, ஐ.ஓ.க்யூ.எம். மூன்று மணி நேரம், 30 கேள்விகள், 100 மதிப்பெண்; விடை எல்லாம் 0 முதல் 99 வரையுள்ள முழு எண்கள், வழி எழுதத் தேவையில்லை. அதைத் தாண்டி மண்டல ஒலிம்பியாடான ஆர்.எம்.ஓ. போனால் கதை மாறும். ஏன் என்று வரி வரியாக எழுத வேண்டும். பல பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். அதனால் நாங்கள் எட்டாம் வகுப்பிலேயே, போட்ட கணக்கைப் பக்கத்துப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுது என்கிறோம். போட்டிக்குப் போகாதவர்களும் எழுதத்தான் வேண்டும்.

உதவித் தலைமை ஆசிரியை, அணைக்கட்டு: செலவு? பெண் பிள்ளைகள் வருவது?

செலவு சாக்பீஸும் சுண்டலும்தான். பழைய மாணவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் வாங்காதீர்கள், வாங்கினால் பெற்றோர் ரேங்க் கேட்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் இலவசம், ஆனால் நேரம்தான் சிக்கல். ஐந்து மணி வரை வைத்திருந்தபோது நாலு பேர் நின்றுவிட்டார்கள். இரண்டிலிருந்து நாலு என்று மாற்றினேன், மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

ஆசிரியர், சோளிங்கர்: பத்தாவது வந்ததும் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்களே?

நிற்கட்டும் சார். ப்ளஸ் ஒன்னில் கதவைத் திறந்து வையுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, வேலூர்: சார், அந்த 1 முதல் 10 கணக்கை ஆறு தடவை போட்டேன். கடைசியில் 1, 3, 5 என்றுதான் வருகிறது, 0 வரவே இல்லை. நான் தப்பாகப் போடுகிறேனா?

இல்லைம்மா, சரியாகத்தான் போடுகிறாய். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் கூட்டினால் 55. ஒவ்வொரு தடவை இரண்டை அழித்து ஒன்றை எழுதும்போதும் அந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு குறைகிறது என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு வா. அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். முடித்ததும் 1 முதல் 11 வரை எழுதி ஆரம்பி. அதில் 0 வரவைக்க முடியும்.