கேளுங்க சொல்றேன்: பல்லு தெரியாத சந்தோஷம்

(போன இதழ்ல ‘சந்தோஷம்’ போட்டோ போட்டி ரிசல்ட் போட்டதுலேருந்து வந்து குவிஞ்ச கேள்விங்கள்ல சிலது இங்க. தொழிலா போட்டோ எடுக்கறவங்க கலந்துக்கக் கூடாது, டெல்டாவுக்குள்ள எடுத்த படமா இருக்கணும், இவ்வளவுதான் கண்டிஷன் வச்சிருந்தோம். ஜட்ஜுங்க மூணு பேர்ல நானும் ஒருத்தன், அதனால திட்டெல்லாம் நேரா எனக்கே வந்து சேந்துருக்கு.)

தலைப்பு சந்தோஷம். முதல் பரிசு வாங்குன படத்துல ஒருத்தர்கூட சிரிக்கல. நெல்லு மூட்டை பக்கத்துல ஒரு பெரியவர் உம்முனு நிக்கிறார். இதுல எங்க சார் இருக்கு சந்தோஷம்?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

நீடாமங்கலத்துலேருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். படத்த இன்னொரு தடவ எடுத்து பாருங்க. எடம் நெல் கொள்முதல் நிலையம். கோணி மேல ஈரப்பதம் பாக்குற மீட்டர் இருக்கு, அதுல 16.8னு நம்பர் தெரியுது. உங்க ஊர்க்காரருக்கு இதுக்கு மேல நான் விளக்கணுமா? 17 சதவீதத்த தாண்டுனா மூட்டைய அப்படியே திருப்பி விட்டுருவாங்க, தளர்வு குடுங்கன்னு டெல்லிக்கு லெட்டர் போயி பதில் வர்றதுக்குள்ள இங்க மழை வந்துரும், களத்துல கொட்டி வச்ச நெல்லு தார்ப்பாய்க்கு அடியிலயே முளைச்சு நிக்கும். அந்தப் பெரியவர் மீட்டர பாக்கல, ஏன்னா பாத்து முடிச்சுட்டார். வாய் மூடிதான் இருக்கு. ஆனா கைய பாருங்க, தோள்ல கெடந்த துண்ட எடுத்து ஒரு ஒதறு ஒதறுறார், மத்ததெல்லாம் ஷார்ப்பா இருக்க துண்டோட நுனி மட்டும் கலங்கலா விழுந்துருக்கு. பின்னாடி ஒரு பையன் நிக்கிறான், மகனோ பேரனோ, அவன் இன்னும் மீட்டரத்தான் மொறச்சு பாத்துட்டு இருக்கான், வாய் பாதி தொறந்துருக்கு. பெரியவருக்கு சந்தோஷம் வந்து எறங்கிருச்சு, பையனுக்கு இன்னும் வந்துகிட்டே இருக்கு, ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல. இத எடுத்தவர் ஒரு மெடிக்கல் ஷாப்ல வேல பாக்குறவர், போன்லதான் எடுத்துருக்கார்.

சிரிப்ப பத்தி ஒண்ணு சொல்லிடறேன். டுஷேன்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், மூஞ்சி தசைங்களுக்கு லேசா கரண்ட் குடுத்துப் பாத்து 1862லயே எழுதி வச்சுட்டார், வாய் ஓரத்த தூக்குற தசை நம்ம சொன்ன பேச்சு கேக்கும், கண்ணச் சுத்தி இருக்கற தசை லேசுல கேக்காதுன்னு. கல்யாண ஸ்டுடியோ வச்சு பொழச்ச எனக்கு இத டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, மேடையில நிக்கிற சொந்தக்காரங்க பாதிப் பேருக்கு வாய் மட்டும்தான் சிரிக்கும். அதனால ஜட்ஜா உக்காந்தா நான் மூஞ்சிய கடைசியாதான் பாப்பேன். மொதல்ல கை, அப்பறம் கால், அப்பறம் தோளு. சந்தோஷம் வந்தவன் கைய என்ன பண்றதுன்னு தெரியாம எதையாவது பண்ணிட்டு இருப்பான், அது பொய் சொல்லாது.

ஒரு நியாயத்த மறைக்கக் கூடாது, எங்க மூணு பேர்ல ஒருத்தர் இந்தப் படத்துக்கு கடைசி வரைக்கும் ஒத்துக்கல. ‘மீட்டர்னா என்னன்னு தெரியாத ஆளு பாத்தா இது வெறும் மூட்டைதானே, படம் தனியா நிக்கணும்ல’ன்னு கேட்டார். நல்ல கேள்விதான். நம்ம பத்திரிகைய படிக்கறவங்களுக்கு அந்த மீட்டர் தெரியும்னு நாங்க ரெண்டு பேரும் சொல்லி ஜெயிச்சோம். வேற ஊர்ல இந்தப் போட்டி நடந்துருந்தா அவர் ஜெயிச்சுருப்பாரு.

பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு பசங்க மதகுலேருந்து ஆத்துல குதிக்கிறத என் மகன் எடுத்து அனுப்புனான். தண்ணி தெறிக்கிறது அவ்ளோ அழகா இருந்துச்சு. ஆறுதல் பரிசுகூட இல்ல. அவன் ரெண்டு நாளா சாப்பிடல சார்.
– ஒரு அம்மா, திருவையாறு

மொதல்ல சாப்பிடச் சொல்லுங்கம்மா. படம் எனக்கு ஞாபகம் இருக்கு, நல்ல படம்தான். பிரச்சன என்னன்னா அதே படம் கும்பகோணத்துலேருந்து, பாபநாசத்துலேருந்து, மயிலாடுதுறைலேருந்துன்னு வந்துகிட்டே இருந்துச்சு. பேக்லைட்ல கருப்பா ஒரு பையன், கைய விரிச்சுகிட்டு, கீழ தங்கமா தண்ணி. எல்லாமே பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாத்தையும் டேபிள் மேல பரப்பி வச்சா எந்தப் பையன் எந்த ஊருன்னு எடுத்தவங்களுக்கே தெரியாது.

குதிக்கிற படம்னாலே உலகத்துல எல்லாருக்கும் ஞாபகம் வர்றது கார்த்தியே ப்ரெசோன்ங்கற பிரெஞ்சு போட்டோகிராபர் 1932ல பாரிஸ்ல ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்கு பின்னாடி எடுத்தது, தண்ணி தேங்கி நிக்கிற எடத்த ஒரு ஆளு தாண்டுவான், குதிகால் தண்ணிய தொட ஒரு மயிரிழைதான் பாக்கி, பின்னாடி செவுத்துல ஒட்டுன போஸ்டர்ல ஒரு டான்ஸ்காரி அதே மாதிரி தாவிக்கிட்டு இருப்பா. அதுல சந்தோஷமே கெடையாது, ஆனா பாத்துக்கிட்டே இருக்கலாம், ஏன்னா குதிக்கறவனத் தவிர இன்னொண்ணும் உள்ள இருக்கு. மகன்கிட்ட கேளுங்க, அன்னிக்கு அந்த மதகுகிட்ட குதிக்காம நின்ன பையன் யாராவது இருந்தானான்னு. கண்டிப்பா இருந்துருப்பான், சட்டைய கழட்டிட்டு, குதிக்கலாமா வேண்டாமான்னு. இல்ல படித்துறையில காப்பரிசி தட்டோட உக்காந்துருக்கற பாட்டி, தண்ணி மேல தெறிச்சதுக்கு வையறதா சிரிக்கறதான்னு இருப்பா. அவங்க உள்ள வந்துருந்தா இது திருவையாத்துப் படம் ஆயிருக்கும்.

இன்னொண்ணு, இத கொஞ்சம் காட்டமாவே சொல்றேன், உங்க மகன மட்டும் சொல்லல. சில செட்டா வந்த படங்கள்ல ஒரே பையன் திரும்பத் திரும்ப குதிக்கிறான், மேல ஏற ஏற இன்னும் உசரத்துலேருந்து. அது ‘தம்பி இன்னொரு தடவ’ன்னு எடுத்தவர் சொல்லி குதிச்சதுதான், பாத்தாலே தெரியுது. மேட்டூர் தொறந்து கல்லணைலேருந்து முறை வச்சு விடுற தண்ணி எப்ப ஏறும் எப்ப எறங்கும்னு கரையில நிக்கறவனுக்கு தெரியாது, மணல் அள்ளுன பள்ளம் எங்க கெடக்குன்னு அந்த ஊர்க்காரனுக்கே தெரியாது. பெருக்கு அன்னிக்கு ஆத்துல போன புள்ளைங்க செய்தி நம்ம படிக்காத வருஷம் உண்டா? அந்த செட்டையெல்லாம் நாங்க மொத ரவுண்டுலயே ஒதுக்கிட்டோம், எவ்ளோ அழகா இருந்தாலும்.

எங்க பெரியம்மா நடவு நடும்போது ‘சிரிங்க பெரியம்மா’ன்னு சொல்லித்தான் எடுத்தேன். இது ஏமாத்து வேலையா?
– கல்லூரி மாணவி, மன்னார்குடி

இல்லம்மா. 1950ல பாரிஸ் வீதியில ஒரு ஜோடி முத்தம் குடுத்துக்கிட்டு நிக்கிற மாதிரி துவானோங்கற போட்டோகிராபர் எடுத்த படம் போஸ்டரா உலகம் பூரா வித்துச்சு, தற்செயலா சிக்குன காதலர்கள்னு எல்லாரும் உருகுனாங்க, 1990கள்ல கேஸ் கோர்ட்டுக்கு போனப்பதான் அது நடிப்பு படிச்சுகிட்டு இருந்த ஜோடிய நிக்க வச்சு எடுத்ததுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. படம் கெட்டுப் போச்சா என்ன? இன்னமும் விக்குது. நிக்க வச்சு எடுக்கறது தப்பில்ல, நிக்க வச்சு எடுத்துட்டு ‘தானா நடந்துச்சு’ன்னு எழுதி அனுப்புனா அதுதான் தப்பு. நீங்க அப்படி எழுதல.

ஆனா உங்க படம் ஏன் ஜெயிக்கலன்னு கேட்டா, பெரியம்மா உங்களப் பாத்து சிரிக்கிறாங்க. அது உங்க மேல உள்ள பாசம். அவங்க பக்கத்துல குனிஞ்சு நட்டுகிட்டே இடது ஓரத்துல ஒரு அக்கா எதையோ சொல்லிட்டு தானே சிரிக்கிறா பாருங்க, நாத்துமுடி கையிலயே நிக்குது, அவள பாதி கிராப் பண்ணிட்டீங்க. ஒரிஜினல் போன்ல இருந்தா எடுத்து பாருங்க, அங்கதான் படம் இருந்துச்சு.

போட்டோல கலர் ஏத்துறது, எடிட் பண்றது எதுவரைக்கும் சரி? ஏஐ படம் யாராவது அனுப்புனாங்களா?
– ஒரு வாசகர், திருவாரூர்

வெளிச்சம் கூட்டுறது கொறைக்கிறது, கோணல நேராக்குறது, ஓரத்த வெட்டுறது, இதெல்லாம் இருட்டறைல பிரிண்ட் போட்ட காலத்துலேருந்து நாங்களும் பண்ணதுதான். சாச்சுரேஷன ஏத்தறவங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்க: இங்க பாக்கறவங்கள்ல பாதிப்பேர் வெவசாயி. நட்டு ஒரு வாரமே ஆன பயிரு வெளுத்து மஞ்சளிச்சுதான் நிக்கும், அத கிளிப்பச்சையா ஆக்கி அனுப்புனா ‘என்ன யூரியா போட்டாரு இவரு’ன்னுதான் கேப்பாங்க. கேட்டாங்க, எங்க ஜட்ஜு ஒருத்தர்.

ஏஐ படமும் வந்துச்சு. சந்தேகம் வந்தா ஒரிஜினல் ஃபைலும் முன்ன பின்ன எடுத்த ரெண்டு ஷாட்டும் கேட்டோம், அதோட சில பேர் போன் எடுக்கல. நம்மள விட பெரிய எடத்துலயே இது நடந்துருக்கு, 2023ல சோனி உலக போட்டோ விருதுல ஒரு பிரிவுல ஜெயிச்ச ஜெர்மன்காரர் போரிஸ் எல்டாக்சன், இது ஏஐல பண்ணது, எனக்கு வேணாம்னு அவரே திருப்பிக் குடுத்துட்டார். அவர் நேர்மையா சொல்லிட்டாரு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேமரா இல்ல, போன்தான். ஜெயிக்க முடியுமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், வேதாரண்யம்

மொத கேள்விக்கு பதில படி தம்பி, முதல் பரிசே போன்தான். லென்ச சட்டைல தொடச்சுட்டு எடு. வாட்ஸ்அப்புல அனுப்புனா டாக்குமென்ட்டா அனுப்பு, சும்மா போட்டோவா அனுப்புனா அது சுருக்கி விட்டுரும், அச்சுல 8 இன்ச்சுக்கு 10 இன்ச் போடணும்னா 2400க்கு 3000 பிக்சலாவது வேணும். இந்த ஒரு காரணத்தால ஒரு அருமையான உப்பளத்துப் படத்த பெருசா போட முடியாம போச்சு, உங்க ஊர்ப் பக்கத்துலேருந்து வந்ததுதான்.

என் தங்கச்சி வளைகாப்புல எடுத்த படம் ஒண்ணு இருக்கு, எல்லாரும் அப்படி சிரிக்கிறோம். அப்பறம் குடும்பத்துல சொத்துத் தகராறு, இப்ப அந்தப் படத்துல இருக்கற பாதிப்பேர் பேசிக்கறதில்ல. அந்தப் படத்த ‘சந்தோஷம்’னு அடுத்த தடவ அனுப்பலாமா, பொய்யா இருக்காதா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

இத படிச்சுட்டு கொஞ்ச நேரம் மத்த லெட்டர பிரிக்கல. 1973 மார்ச்ல கலிபோர்னியாவுல ஒரு விமானப்படைத் தளத்துல ஏபி செய்தி நிறுவனத்து போட்டோகிராபர் வீடர் ஒரு படம் எடுத்தார். வியட்நாம்ல அஞ்சு வருஷத்துக்கு மேல கைதியா இருந்த ராபர்ட் ஸ்டெர்ம்ங்கற அதிகாரி திரும்பி வர்றார், அவர் முதுகுதான் தெரியும், எதிர்க்க குடும்பமே ஓடி வருது, முன்னாடி வர்ற 15 வயசு மகளுக்கு ரெண்டு காலும் தரையில இல்ல. அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு வாங்குச்சு. அந்தப் படத்துல ஓடி வர்ற மனைவி, பிரிஞ்சு போறேன்னு எழுதுன லெட்டர் சில நாளுக்கு முன்னாடிதான் அவர் கைக்கு வந்துருந்துச்சு, அடுத்த வருஷமே விவாகரத்தும் ஆயிருச்சு. பிள்ளைங்க வீட்ல எல்லாம் அந்தப் படம் மாட்டியிருக்கு, அவர் மட்டும் மாட்டல.

பிள்ளைங்க மாட்டுனதும் சரி, அவர் மாட்டாததும் சரின்னுதான் எனக்கு படுது. அந்தப் பொண்ணோட கால் தரையில இல்லாதது அந்த நிமிஷம் நெசம், அத எந்த லெட்டராலயும் அழிக்க முடியாது. ஜட்ஜா நான் பாக்கறது படத்துல இருக்கறத மட்டும்தான், அப்பறம் நடந்தது என் கணக்குல வராது. அதனால பொய்யாங்கற கேள்விக்கு இல்லன்னு சொல்லிடறேன். அனுப்பலாமாங்கறது வேற கேள்வி. அது பத்திரிகைல வந்தா பாக்கப்போறது நாங்க மட்டும் இல்ல, உங்களோட பேசாத சொந்தக்காரங்களும் பாப்பாங்க, அவங்களும் படத்துல இருக்காங்க. தங்கச்சிகிட்ட மொதல்ல கேளுங்க, வளைகாப்பு அவங்களோடது. அவங்க சரின்னா அனுப்புங்க.

பரிசு வாங்குன படம் இனிமே யாருக்கு சொந்தம்? பத்திரிகைக்கா, எடுத்தவருக்கா, படத்துல இருக்கறவருக்கா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

எடுத்தவருக்கு. 1957ம் வருஷ காப்புரிமைச் சட்டப்படி போட்டோவ எடுத்தவர்தான் அதோட ஆசிரியர், வெளியான வருஷத்துக்கு அப்பறம் 60 வருஷம் உரிமை இருக்கு. காசு குடுத்து எடுக்கச் சொன்ன படம்னா கத மாறும், அதுல வேறயா எழுதிக்கலன்னா சொன்னவருக்குத்தான் போகும், கல்யாண ஆல்பம் மாதிரி. போட்டிக்கு அனுப்புனா எங்களுக்கு அச்சடிக்க அனுமதி மட்டும்தான் குடுக்கறீங்க. சில போட்டில விதிமுறைக்கு கீழ பொடி எழுத்துல ‘எல்லா உரிமையும் எங்களுக்கே’ன்னு போட்டு வச்சிருப்பாங்க, அந்தப் பக்கம் போகாதீங்க.

படத்துல இருக்கறவருக்கு சட்டத்துல இந்த உரிமை இல்ல, ஆனா கேட்டுட்டு எடுக்கணும், சின்னப் புள்ளைங்கன்னா பெத்தவங்கள கேட்டே ஆகணும். நம்ம பெரியவர்கிட்ட கேட்டாச்சு. ரெண்டு பிரிண்ட் வேணும்னார், ஒண்ணு வீட்டுக்கு, இன்னொண்ணு கொள்முதல் நிலையத்துல மாட்டறதுக்காம். மீட்டர் நம்பர் தெளிவா தெரியறாப்ல போட்டுத் தரச் சொல்லியிருக்கார்.