ஒரே புத்தாண்டு, இரண்டு லீவு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகன் டாக்காவில் வேலை பார்க்கிறான். வங்காளப் புத்தாண்டுக்கு ஏப்ரல் 14 லீவு என்றான். கொல்கத்தாவில் இருக்கும் என் தம்பி மகளுக்கோ 15-ஆம் தேதிதான் லீவு. ஒரே மொழி பேசுகிறவர்களுக்கு எப்படி இரண்டு நாள்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, இரண்டு பிள்ளைகள் சொன்னதும் சரிதான். நான் பத்தொன்பது வருஷம் கொல்கத்தாவில் வங்கி வேலை பார்த்தவன், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தேன். பெரும்பாலான வருஷங்களில் 14-ஆம் தேதி எங்கள் வீட்டில் மாங்காய்ப் பச்சடி. மறுநாள் பொய்லா பைஷாக், அதாவது பைஷாக் மாதம் முதல் தேதி, தெருவுக்கே புத்தாண்டு.

சூரியன் மேஷத்தில் நுழைவதுதான் நமக்கும் கணக்கு, கொல்கத்தாவுக்கும் கணக்கு. சூரியன் மறைவதற்குள் நுழைந்துவிட்டால் நமக்கு அன்றைக்கே சித்திரை 1. கொல்கத்தாவில் நள்ளிரவுதான் எல்லை. அதற்கு முன்னால் நுழைந்தால் மறுநாள் மாதம் பிறக்கும்; நள்ளிரவு தாண்டிவிட்டால் இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகும். 2025-இல் திருக்கணிதப்படி ஏப்ரல் 14 விடியற்காலையில் நுழைந்தது. நமக்கு 14, அங்கே 15. முந்தைய வருஷம் 13-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு மேல் நுழைந்ததால் இரண்டு ஊரிலும் 14.

வங்கதேசம் இந்தக் கணக்கையே விட்டுவிட்டது. 1966-இல் மொழியறிஞர் முகம்மது ஷாஹிதுல்லா தலைமையிலான குழு மாதங்களுக்கு நிலையான நாள் எண்ணிக்கை வகுத்தது. 1987-இல் அரசு அதை ஏற்றது. அதனால் உங்கள் மகனுக்கு எந்த வருஷமும் ஏப்ரல் 14-தான் லீவு.

கொல்கத்தாவில் எங்கள் தெரு முனை நகைக்கடைக்காரர் புத்தாண்டு அன்றைக்குச் சிவப்புத் துணி போர்த்திய புதுக் கணக்குப் புத்தகத்தில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் போட்டுவிட்டுத்தான் முதல் வரவை எழுதுவார். இதை ஹால்காத்தா என்பார்கள். பழைய பாக்கியைக் கட்டிவிட்டு வந்தால் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பும் சுருட்டிய காலண்டரும் கையில் தருவார். அந்தக் காலண்டரில் வங்காளத் தேதி பெரிதாக, இங்கிலீஷ் தேதி மூலையில் பொடி எழுத்தில். எனக்கு அந்த ஊர் புரிந்ததே அந்தக் காலண்டரைப் பார்த்துத்தான். இன்னொன்று: அவர்களுடைய சைத்ரம் நம்முடைய பங்குனி. பேர் ஒன்றாக இருக்கிறதே என்று சித்திரையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: தாகூர் பிறந்தது மே 7 என்று படித்தேன். மேற்கு வங்கத்தில் மே 9 லீவு விடுகிறார்களே?
– வாசகர், காரைக்குடி

பதில்: அவர் பிறந்தது 1861 மே 7, வங்காளக் கணக்கில் 1268 பைஷாக் 25. அங்கே யாரும் மே 7 என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘பொஞ்சிஷே பைஷாக்’ என்றால் குழந்தைக்கும் தெரியும். லீவும் அந்தத் தேதிக்குத்தான். அது மே 8 அல்லது 9-இல் வரும். வங்கதேச நாட்காட்டியில் பைஷாக் 25 எப்போதும் மே 8.

கேள்வி: அப்படியானால் வங்கதேசத்தில் எல்லா லீவும் வங்காளத் தேதிப்படிதானா?
– அதே வாசகர்

பதில்: இல்லை. பொய்லா பைஷாக் மட்டும்தான். ஈத் பிறை பார்த்து, துர்கா பூஜை திதி பார்த்து. மொழித் தியாகிகள் நாளான பிப்ரவரி 21, சுதந்திர நாளான மார்ச் 26, வெற்றி நாளான டிசம்பர் 16 எல்லாம் இங்கிலீஷ் தேதிதான்.

ஆனால் பிப்ரவரி 21-க்கு ஒரு கதை உண்டு. 1952-இல் வங்காள மொழிக்காக மாணவர்கள் டாக்காவில் சுடப்பட்ட அன்று வங்காளத் தேதி பால்குன் 8. புதிய கணக்கு வந்தபின் பிப்ரவரி 21 பால்குன் 9-இல் விழுந்தது. மொழிக்காக உயிர் விட்டவர்களின் நாள் அந்த மொழியின் நாட்காட்டியிலேயே ஒரு நாள் பிசகி நின்றது. எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது. 2019-இல் மாதங்களை மறுபடி திருத்தினார்கள். முதல் ஆறு மாதங்களுக்கு 31 நாள், பால்குனுக்கு 29, லீப் வருஷத்தில் 30, மற்றவற்றுக்கு 30. இப்போது பிப்ரவரி 21 அன்று டாக்காவில் தேதி பால்குன் 8.