கருப்பைவாயைப் பார்க்கக் கற்றுக்கொள்வது: கால்போஸ்கோபி பயிற்சி பற்றிக் கேள்வி பதில்

நான் மகப்பேறு மருத்துவர். கால்போஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவி வழியாகக் கருப்பைவாயைப் பார்த்து, புற்றுக்கு முந்தைய மாற்றங்களைக் கண்டுபிடிக்க இளம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் பாதி. அசிட்டிக் அமிலம் தடவினால் சந்தேகத்துக்குரிய இடங்கள் வெளுக்கும், அதைத்தான் பார்க்கிறோம். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

முதுகலை மாணவி: அட்லஸை மூன்று முறை படித்துவிட்டேன், மேடம். ஓ.பி.யில் உட்கார்ந்தால் எல்லாமே வெள்ளையாகத்தான் தெரிகிறது. என்ன செய்வது?

அட்லஸில் குறையில்லை அம்மா. படத்துக்குக் கீழேயே விடையும் இருக்கிறது அல்லவா, அதுதான் சிக்கல். விடையைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். ஒரு அட்டையால் விடையை மூடுங்கள். உங்கள் முடிவைப் பேனாவால் எழுதுங்கள். மனதுக்குள் நினைத்தால் போதாது, மனது பிறகு மாற்றிச் சொல்லும். எழுதிய பிறகு அட்டையை எடுங்கள். பிரான்ஸின் லியோனில் இருக்கும் ஐ.ஏ.ஆர்.சி., அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, கருப்பைவாய்ப் படங்களின் தொகுப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதையும் இப்படியே பாருங்கள்.

எழுதும்போது ஸ்வீட் (Swede) ஸ்கோர் போடுங்கள். ஸ்வீடனிலிருந்து வந்ததால் அந்தப் பெயர், இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அசிட்டிக் அமிலத்தில் எவ்வளவு வெளுக்கிறது, விளிம்பு எப்படி, ரத்தக் குழாய்கள் எப்படி, அளவு என்ன, அயோடினில் என்ன நிறம் என்று ஐந்து அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. மொத்தம் 10. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர்நிலை மாற்றம், அதாவது புற்றாக மாறக்கூடிய தீவிர முன்நிலை, இருக்க நல்ல வாய்ப்பு. நான்குக்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை. நடுவில் வருவதில்தான் பயாப்ஸி, அதாவது சிறு துண்டு கிள்ளிச் சோதிப்பது, கைகொடுக்கும். இதன் பெரிய உபகாரம் எண் இல்லை. ஐந்து இடங்களிலும் பார்க்காமல் உங்களால் கூட்ட முடியாது, அதுதான்.

இப்போது வெள்ளைக்கு வருவோம். சாதாரண மெட்டாபிளாசியாவும், அதாவது ஒருவகைச் செல் இன்னொரு வகையாக மாறும் இயல்பான மாற்றமும், வெளுக்கும். ஆனால் அது மெல்லிய வெள்ளை. பாலில் ஏடு படரும்போது அடியில் பால் தெரியுமே, அப்படி அடியில் இளஞ்சிவப்பு தெரியும். விளிம்பு எங்கே முடிகிறது என்று விரல் வைக்க முடியாது, நாக்கு நாக்காக நீண்டு கரைந்துவிடும். உயர்நிலை மாற்றம் மெழுகுவர்த்தி சொட்டி உறைந்தது போல. கெட்டியாக, ஒளி ஊடுருவாமல், விளிம்பு கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். சீக்கிரம் வரும், மெதுவாகப் போகும். இந்த நேரக் கணக்கைப் படம் சொல்லாது. அதனால் கைகடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுதாகப் பாருங்கள். பாதி பேர் இருபது வினாடியில் எழுந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. முதலில் நோயுள்ள படங்களைத் தேடாதீர்கள். இருநூறு இயல்பான கருப்பைவாய்களைப் பாருங்கள். என் முதல் வருடத்தில் ஓர் இளம்பெண்ணின் மெட்டாபிளாசியாவைப் பார்த்து உயர்நிலை என்று எழுதிவிட்டேன். பயாப்ஸி முடிவு வரும் வரை அந்தப் பெண் பத்து நாள் தூங்கவில்லை. முடிவு இயல்பு. அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் என் ஸ்கோர், வலப்பக்கம் பயாப்ஸி முடிவு. வலப்பக்கத்தை நிரப்பாத பயிற்சி கண்ணைத் திருத்தாது. எந்தக் கருவி வாங்கினாலும் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்: நான் தவறும்போது இது எனக்குச் சொல்லுமா?

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர்: எங்களிடம் கால்போஸ்கோப் இல்லை. செவிலியர்களுக்கு வியா கற்றுத்தர வேண்டும். படங்கள் போதுமா?

தொடங்கப் போதும். ஆனால் படங்களோடு நிறுத்தக் கூடாது. (புதியவர்களுக்கு: வியா என்றால் அசிட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்ப்பது. வில்லி என்றால் லூகால்ஸ் அயோடின் தடவிப் பார்ப்பது.)

செவிலியர்களால் முடியுமா என்று தயங்குபவர்களுக்குத் திண்டுக்கல் மாவட்டமே பதில். 2000-ல் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் அங்கே நடந்த வியா ஆய்வின் முடிவு 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பரிசோதித்தவர்கள் மூன்று வாரப் பயிற்சி பெற்ற செவிலியர்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் புதிதாகக் கருப்பைவாய்ப் புற்று வருவது 25 சதவீதமும் அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தது. பரிசோதித்த 31,343 பேரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வியா பாசிட்டிவ், அதாவது சந்தேக வெளுப்பு தெரிந்தது.

அந்தப் பத்தில் ஒன்று உங்களுக்கு ஒரு அளவுகோல். ஒரு செவிலியரின் பதிவேட்டில் மாதக்கணக்காக ஒரு பாசிட்டிவ்கூட இல்லையென்றாலோ, மூன்றில் ஒருவர் பாசிட்டிவ் என்றாலோ, திட்டாதீர்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள். சில நேரம் தப்பு கண்ணில் இருக்காது. ஒரு முகாமில் காலையிலிருந்து ஒருவருக்கும் ஒரு துளி வெள்ளைகூடத் தெரியவில்லை. பாட்டிலைப் பார்த்தால் யாரோ தண்ணீர் சேர்த்து நீட்டியிருக்கிறார்கள். அன்று வந்தவர்களை மறுபடி அழைக்க வேண்டியதாயிற்று. 95 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலம், அன்றன்றைக்குத் தயாரித்தது, மேலே தேதி. கலக்காத அமிலம் பட்டால் பொசுக்கிவிடும் என்பதால் அந்த பாட்டிலைப் பரிசோதனை அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

மருத்துவக் கல்லூரி உதவிப் பேராசிரியர்: சிமுலேட்டர் வாங்க நிதி கேட்டிருக்கிறோம். விலை தலைசுற்றுகிறது. தேவைதானா?

கைக்குப் பயிற்சி தேவை, விலைக்கு இல்லை. அமெரிக்காவில் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் லூசியா என்று ஒரு மலிவான இடுப்பு மாதிரி செய்தார்கள். ஜெல்லில் வார்த்த கருப்பைவாய்களை மாற்றி மாற்றிப் பொருத்தலாம். இயல்பு ஒன்று, புண் ஒன்று, புற்று ஒன்று என்று. நம் ஊரில் இதற்கும் சுருக்கமாக முடியும். ஒரு பி.வி.சி. குழாய், அதன் கடைசியில் பொருத்திய ஆட்டு நாக்கு. லீப் (மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் புண்ணை வெட்டும் முறை) கம்பியால் வெட்டிப் பழக ஆட்டு நாக்கை மிஞ்சிய பொருள் இல்லை. பயாப்ஸி கிள்ளிப் பழகக் கோழி ஈரல் வேண்டாம், நசுங்கிவிடும்.

வெளுப்பதைக் காட்ட முதல் வகுப்பில் நான் ஒரு துண்டு மீனில் எலுமிச்சை பிழிவேன். வெளுப்பதற்குக் காரணம் புரதம் உறைவது என்று ஒரு நொடியில் புரிந்துவிடும். உட்கரு பெருத்து நெருங்கிய செல்களில் புரதம் அதிகம், அதனால் வெள்ளையும் அதிகம். மீன் வெளுத்தது வெளுத்ததுதான், கருப்பைவாய் சில நிமிடத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அந்த வித்தியாசத்தையும் சொல்லிவிடுங்கள்.

தனியார் கிளினிக் மருத்துவர்: கைபேசியில் படம் எடுத்து மூத்தவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாமா? என் படங்கள் எல்லாம் மங்கல்.

கேட்கலாம், நல்ல பழக்கம். மங்குவதற்குக் காரணம், கைபேசி, உள்ளே பார்க்கத் திறந்து பிடிக்கும் பளபளக்கும் ஸ்பெகுலத்தின் விளிம்பில் ஃபோகஸ் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் பின்னால் வந்து, ஜூம் செய்து, திரையில் கருப்பைவாயின் மேல் தொட்டு நிறுத்துங்கள். சளியை முதலில் உப்புநீரால் துடையுங்கள். ஒரே படம் அனுப்பாதீர்கள். அமிலத்துக்கு முன், ஒரு நிமிடத்துக்குப் பின், அயோடினுக்குப் பின் என்று மூன்று. கால்போஸ்கோப் இருந்தால் பச்சை ஃபில்டரில் ஒன்று. அதில் ரத்தக் குழாய்கள் கறுப்பாகத் தெரியும், அவை புள்ளி புள்ளியாகவோ மொசைக் தரை போலவோ இருந்தால் தப்பாது. பெயர், எண் எதுவும் படத்தில் வேண்டாம்.

கதிரியக்கத் துறை மாணவர்: நீங்கள் எம்.ஆர்.ஐ. பற்றிப் பேசவே இல்லையே சார்?

மேடம்! என் வேலை முன்நிலையைப் பிடிப்பது, உங்கள் வேலை வந்த புற்றின் எல்லையைச் சொல்வது. 2018-ல் ஃபிகோ, அதாவது மகப்பேறு மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு, புற்று எந்த நிலை என்று சொல்லும் தன் நிலைப் பகுப்பில் படமெடுப்பைச் சேர்த்துக்கொண்ட பிறகு உங்கள் அறிக்கையின் எடை கூடிவிட்டது. நிணநீர்க் கணுவுக்குப் பரவியது படத்தில் தெரிந்தாலே 3சி நிலை. பயிற்சிக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். கருப்பைவாயின் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டிய டி2 வகை எம்.ஆர்.ஐ. படத்தில், புற்றைச் சுற்றியுள்ள கருப்பைவாய்த் திசுவின் கருப்பு வளையம் அறுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் ஐம்பது கேஸில் பாருங்கள். அறுவை நடந்தவர்களின் பேதாலஜி அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அதே நோட்டு, அதே இரண்டு பக்கம்.

பொறியியல் மாணவர்: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, மருத்துவர்கள் இன்னும் கண்ணைப் பழக்க வேண்டுமா?

2019-ல் வந்த அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வு எங்களையும் அசத்தியது. கோஸ்டாரிகாவின் குவானகாஸ்டே மாகாணத்தில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெண்களின் படங்களில், கணினி முன்நிலையை மனிதர்களைவிட நன்றாகக் கண்டுபிடித்தது. ஆனால் அவை செர்விகோகிராஃபி என்ற பழைய ஃபிலிம் கேமராவில் எடுத்தவை. கேமரா மாறியதும் தடுமாறியது. அந்தக் குறையை இப்போது சரிசெய்து வருகிறார்கள்.

கணினிக்குப் பாடம் சொல்ல யார் கோடு போடுகிறார்கள்? நாங்கள்தான். அதே நிறுவனமும் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகமும் சேர்ந்து, படத்தில் புண்ணின் எல்லையை வரைய ஒரு மென்பொருள் செய்தார்கள். ஒரே படத்தில் நிபுணர்கள் போட்ட கோடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல். ஒரே படத்தை நாலு பேர் தனித்தனியாக வரைந்து, பிறகு ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பதை என் வகுப்பில் விளையாட்டாகவே வைத்திருக்கிறேன். சண்டை வரும் இடத்தில்தான் பாடம் இருக்கிறது. இரண்டாவது பயாப்ஸி எடுப்பதும் அந்தச் சந்தேகத்துக்காகத்தான். ஒன்றோடு நிறுத்துபவர்களுக்குச் சில முன்நிலைகள் தப்பிவிடுகின்றன.

இலங்கையிலிருந்து ஒரு மருத்துவர்: எச்.பி.வி. பரிசோதனை பரவினால் இந்தப் பயிற்சியெல்லாம் வீண்தானே?

இல்லை டாக்டர். புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறது என்று சோதனை சொல்லும். எங்கே புண், உறைய வைத்தால் போதுமா, வெட்ட வேண்டுமா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். உருமாற்ற வளையம், அதாவது மாற்றங்கள் பெரும்பாலும் தொடங்கும் பகுதி, முழுதும் வெளியே தெரிகிறதா, உள்ளே போய்விட்டதா என்று மூன்று வகை பிரிக்கத் தெரியாமல் சிகிச்சை கொடுக்க முடியாது. மாதவிடாய் நின்ற பிறகு அது பெரும்பாலும் உள்ளே ஏறிவிடும். ஐம்பது வயதுக்கு மேல் வியா மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று அனுப்பாதீர்கள்.

ஒரு வாசகி: நான் மருத்துவர் இல்லை. பரிசோதனைக்குப் போனபோது நாலு மாணவர்கள் நின்றார்கள், ஒருவர் படமும் எடுத்தார். யாரும் என்னிடம் கேட்கவில்லை. இது சரியா அக்கா?

சரியில்லை அம்மா. முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும், அதுவும் நீங்கள் மேஜையில் படுத்த பிறகு அல்ல, உடை மாற்றும் முன். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் சிகிச்சையில் எதுவும் குறையக் கூடாது. எடுத்த படத்தை அழிக்கச் சொல்லியும் கேட்கலாம். என் அறையில் திரைக்கு வெளியே ஒரு நாற்காலி இருக்கிறது. அங்கே உட்காரவைத்துத்தான் கேட்பேன். வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவு, ஒரு மாணவி மட்டும் இருக்கட்டும் என்று சொல்பவர்கள் நிறைய. அடுத்த முறை நீங்களும் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.