மதத் தலைவர்கள் அரசியல், சமூகப் பிரச்சினைகளில் வாய் திறக்கலாமா?

திறக்க வேண்டும் என்று 2007 செப்டம்பரில் நானும் நினைத்தேன். ரங்கூன் சூலே பகோடா சாலையில், கொட்டுகிற மழையில், முன்பின் தெரியாத ஒரு பர்மியப் பையனின் கையைக் கோத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். நடுவே பொங்கிகள் (புத்த பிக்குகளைப் பர்மாத் தமிழர்கள் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வரிசையாகப் போனார்கள். ஆறு வருடம் கழித்து, பிக்குகள் உடுத்தும் அதே அரக்குச் சிவப்புச் சீவரம் தெருமுனையில் தெரிந்ததும் கடை ஷட்டரை இழுத்து விட்டவனும் நான்தான். அதனால் ஆமா, இல்லை என்று என்னிடம் ஒற்றைப் பதில் கிடையாது.

அந்த 2007 கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆகஸ்ட் 15 அன்று அரசாங்கம் டீசல் விலையை இரண்டு மடங்காக்கியது, பஸ் ஓடும் கேஸ் விலையை ஐந்து மடங்காக்கியது. தினக்கூலிக்காரன் வேலைக்குப் போய்வர பஸ் காசு கொடுத்தால் அரிசிக்கு மிச்சமில்லை. செப்டம்பர் 5 அன்று பக்கொக்கு ஊரில் ஊர்வலம் போன பொங்கிகளை ராணுவம் அடித்தது. பதினேழாம் தேதிக்குள் மன்னிப்புக் கேளுங்கள் என்றார்கள் பொங்கிகள். யாரும் கேட்கவில்லை. பதினெட்டாம் தேதி பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டார்கள்.

இது என்னவென்று தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் புரியாமல் போகலாம். இங்கே காலையில் பொங்கிக்குச் சோறு போடுகிறவருக்குத்தான் புண்ணியம். வாங்கிக்கொள்கிறவர் நன்றி சொல்லமாட்டார், வாங்கிக்கொள்வதே அவர் நமக்குச் செய்யும் உபகாரம். ராணுவக்காரர்கள் வீட்டுச் சோறு எங்களுக்கு வேண்டாம் என்று பாத்திரத்தைக் கவிழ்த்தால் அவர்களுக்குப் புண்ணியத்தின் வாசலே மூடிப்போகிறது. இதற்குப் பர்மியச் சொல் ‘தபேய் மௌக்’. ஆலையில் வேலைநிறுத்தம் செய்தாலும் பர்மியர்கள் இதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

அன்றைக்கு அவர்கள் கோஷம் போட்டதைவிட ‘மெத்த சுத்தம்’ ஓதியதுதான் என் காதில் இருக்கிறது. எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்கிற பாலி மொழி ஓதல். எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை, ஆனாலும் தொண்டை அடைத்தது. செப்டம்பர் 26, 27 தேதிகளில் சுட்டார்கள். ராத்திரியில் மடங்களுக்குள் புகுந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் மாரியம்மனும் புத்தரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். அம்மா தினமும் விடிகாலையில் சோற்றுச் சட்டியோடு வாசலில் நிற்பார். அந்த வாரம் நின்று நின்று பார்த்துவிட்டு, ஆறிப்போன சோற்றைக் காக்காய்க்கு வைத்தார். யாரும் வரவில்லை. ஊர்வலத்தை முன்னின்று நடத்திய பொங்கிகளில் ஒருவரான உ கம்பீராவுக்கு 68 வருடச் சிறை விதித்தார்கள்.

அடுத்த மே மாதம் நர்கிஸ் புயல். விழுந்த மரங்களை வெட்டி வழிவிட, அரசாங்கத்துக்கு முன்னால் வந்து நின்றவர்களும் பொங்கிகள்தான். ஆக, சாமியார் சாமி கும்பிடுவதோடு இருக்கட்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு அப்போது கோபம் வரும்.

அப்புறம் 2013 வந்தது.

மெய்த்திலாவில் ஒரு நகைக்கடைத் தகராறு பெரிய கலவரமாகி, முஸ்லிம் தெருக்கள் எரிந்தன. மாண்டலேயிலிருந்து விராத்து என்ற பொங்கியின் பிரசங்கம் டிவிடியில் தெருத்தெருவாக விற்றது. முஸ்லிம் கடையில் வாங்காதே, முஸ்லிமுக்குப் பெண் கொடுக்காதே. கூடவே 969 ஸ்டிக்கர். புத்தருக்கு ஒன்பது குணம், தருமத்துக்கு ஆறு, சங்கத்துக்கு ஒன்பது. முஸ்லிம் கடைகளில் இருக்கும் 786-க்கு எதிராக அதை ஒட்டச் சொன்னார்கள்.

எங்கள் கடை மசாலாக் கடை. ஒரு இளைஞன் வந்து ஸ்டிக்கரை நீட்டினான். “நீங்க இந்து, நம்ம பக்கம். ஒட்டிக்கோங்க” என்றான். நான் ஒட்டவில்லை. கிழிக்கவும் இல்லை, அதற்குத் தைரியம் வரவில்லை. கல்லாப்பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். எதிர்வரிசையில் டான்பாவ் பிரியாணி விற்கும் பாய், கீழக்கரை வம்சம், அன்றைக்கே தன் 786 பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். நம்ம பக்கமாம். தெருவில் பாய்க்கும் எனக்கும் ஒரே பட்டப்பெயர்தான், ‘கலா’. இந்திய வம்சத்தாரை இளக்காரமாக அழைக்கும் சொல்.

எங்கள் கோயில் குருக்களிடம் போய், இதைப் பற்றி வெள்ளிக்கிழமை பூசை முடிந்து நாலு வார்த்தை சொல்லுங்கள் சாமி என்றேன். “தம்பி, நான் பேசினா பூசை நின்னு போகும். நிக்கட்டுமா, சொல்லு” என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு ஆத்திரம். இப்போதும் அவர் செய்தது சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் கல்லாப்பெட்டிக்குள் ஸ்டிக்கரை ஒளித்தவன் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இதைவிட எனக்கு வலித்தது 2017. ஆகஸ்டில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையால் ஏழு லட்சம் ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு மேல் பங்களாதேஷுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். நாடே மதிக்கும் சீதகூ சயாடோ (சயாடோ என்றால் மூத்த பொங்கி), கண் ஆஸ்பத்திரி கட்டியவர், சகாயிங் மலைக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர், அக்டோபரில் கயின் மாநில ராணுவப் பயிற்சிப் பள்ளியில் பிரசங்கம் செய்தார். அதில் இலங்கையின் பழைய பாலி நூலான மகாவம்சத்திலிருந்து ஒரு கதை. போரில் இத்தனை பேரைக் கொன்றுவிட்டேனே என்று சிங்கள ராஜா துட்டகைமுனு வருந்துகிறான். செத்ததில் முழு மனிதக் கணக்கு ஒன்றரைதான், மற்றவர்கள் புத்தநெறி அறியாதவர்கள், கவலைப்படாதே என்று துறவிகள் தேற்றுகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் துப்பாக்கிக்காரர்கள். அந்தக் கணக்கில் வராமல் போனவர்கள் யார் தெரியுமா? எல்லாளனின் படை. தமிழர்கள். போனில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ராத்திரி வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சட்டம் போட்டுத் தடுக்கலாமே என்பார்கள். 2008 அரசியல் சாசனத்தில் தடை இருக்கிறது. துறவிகளுக்கு ஓட்டும் இல்லை, தேர்தலில் நிற்கவும் முடியாது. அரசியலுக்காக மதத்தைத் தவறாகப் பயன்படுத்தவும் கூடாது. அப்படியிருந்தும் 2015-இல், பொங்கிகளின் அமைப்பான மபத்த கேட்டபடி இனம், மதம் காக்கும் நாலு சட்டங்கள் நிறைவேறின. 2023 ஜனவரியில் ராணுவ ஆட்சி விராத்துவுக்குப் பட்டம் கொடுத்தது. தடை என்பது ஆள்கிறவர்களுக்குப் பிடிக்காத வாய்க்கு மட்டும்தான்.

அதனால் பேசலாமா என்று நான் இப்போது கேட்பதில்லை. பேசினால் அவருக்கு என்ன போகும் என்று பார்க்கிறேன். பாத்திரத்தைக் கவிழ்த்தவர்களுக்குச் சோறு போயிற்று, மடம் போயிற்று, சிலருக்கு உயிரே போயிற்று. 2021-இல் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பிள்ளைகள் தெருவில் இறங்கியபோது, மிச்சினாவில் ஆன் ரோஸ் நு தௌங் என்ற கன்னியாஸ்திரி ஆயுதம் தாங்கிய போலீஸ்காரர்கள் முன் மண்டியிட்டார். வேண்டுமானால் என்னைக் கொல்லுங்கள், பிள்ளைகளை விடுங்கள் என்றார். இப்படிப்பட்டவர் அரசியல் பேசினால் நான் காது கொடுப்பேன். பேச்சு முடிந்ததும் ராணுவ அதிகாரி வந்து விழுந்து கும்பிட்டுக் காணிக்கை வைக்கும் மேடையில் என்றால், எவ்வளவு பெரிய சயாடோவாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. 2013-இல் எங்கள் பேட்டையில் ஒரு மடத்து ஒலிபெருக்கியில் ராத்திரி முழுக்க விராத்துவின் பிரசங்கம் ஓடியது. விடிந்ததும் அந்த மடத்திலிருந்தே ஒரு குட்டிச் சாமியார் பாத்திரத்தோடு வந்து நின்றான், பதினாலு வயது இருக்கும். இன்றைக்கு உள்ளே வந்துவிடுங்கள் என்றேன் அம்மாவிடம். அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, எப்போதும் போல மூன்று கரண்டி போட்டார். போட்டுவிட்டு, தன் உடைந்த பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார், “இது பாய் கடை அரிசி.”

பையன் ஒரு நிமிஷம் சோற்றையே பார்த்தான். பாத்திரத்தை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். மறுநாளும் வந்தான்.