ஒட்டாவா ரொறன்ரோவுக்குப் பக்கத்திலா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன். உங்கள் கணவருக்குக் கனடாவின் தலைநகரமான ஒட்டாவாவில் வேலை கிடைத்திருக்கிறது. நிரந்தர வதிவிட உரிமையோடு ஜனவரியில் குடும்பமாக வருகிறீர்கள். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. உங்கள் அக்கா ரொறன்ரோவின் ஸ்காபுரோவில், சித்தப்பா வன்கூவரில். கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்டில் இருந்துகொண்டே கணவர் வேலைக்குப் போய்வரலாமா என்பது முதல் கேள்வி. கற்றினோ என்ற இடத்தில் வாடகை குறைவாம், அங்கே வீடு எடுக்கலாமா என்பது இரண்டாவது. தலைநகரம் என்றால் எல்லாம் கிட்டக் கிட்டத்தானே இருக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள்.

முதல் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன்: முடியாது. ஸ்காபுரோவிலிருந்து ஒட்டாவா 400 கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தினமும் கொழும்புக்கு வேலைக்குப் போய் வருவது போன்ற கதை அது. 401-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே வந்து, பிறகு 416-இல் வடக்கே திரும்பினால், நல்ல காலநிலையில் நாலரை மணி நேரம் ஓடவேண்டும். ரயிலும் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் எடுக்கும். பனி கொட்டும் நாளில் எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. அக்கா வீட்டுக்கு நீண்ட வார இறுதிகளில் போகலாம், தீபாவளிக்குப் போகலாம். அதற்கு மேல் கணக்குப் போடாதீர்கள்.

வன்கூவர் சித்தப்பாவைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். "ஒரே நாடுதானே, ஒரு நாள் காரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்" என்று நானும் வந்த புதிதில் நினைத்தேன். ஒட்டாவாவிலிருந்து வன்கூவர் சாலை வழியே ஏறக்குறைய 4,400 கிலோமீற்றர். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் நாங்கள் குடும்பமாக அந்தப் பயணத்துக்கு வெளிக்கிட்டோம். காலையில் புறப்பட்டு 17-ஆம் சாலையில் மேற்கே ஓடினோம், முதல் இரவு சூ சென் மேரி. அடுத்த நாள் முழுவதும் சுப்பீரியர் ஏரியின் கரை. இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் பாறையும் ஊசியிலைக் காடும். இருட்டும்போதுதான் தண்டர் பே வந்தது. இரண்டு நாள் ஓடியும் இன்னும் ஒன்ராறியோ மாகாணத்துக்குள்தான் நின்றோம். அந்தச் சுப்பீரியர் ஏரி ஒன்றே 82,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். இலங்கை முழுவதும் 65,610. நாம் பிறந்த தீவை அப்படியே தூக்கி அந்த ஏரிக்குள் வைத்தாலும் சுற்றிவரத் தண்ணீர் மிஞ்சும். அன்று கரையில் நின்று அதை என் பிள்ளைகளுக்குச் சொன்னபோது எனக்கே நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் மனிற்றோபா. அதன் பிறகு சஸ்கச்சுவான், அல்பேற்றா என்று கோதுமை வயலும் வானமும் மட்டுமே. கல்கரியைத் தாண்டும்போது ரொக்கி மலைகள் சுவர் போல எழுந்து நிற்கும். அதைக் கடந்து இறங்கினால்தான் பசிபிக் பக்கம். விமானத்தில் போனாலே ஐந்து மணி நேரம். அங்கே நேரமும் நமக்கு மூன்று மணி நேரம் பின்னால். காலை ஏழு மணிக்கு எழுந்ததும் சித்தப்பாவுக்குப் போன் அடித்துவிடாதீர்கள், அவருக்கு அப்போது விடிகாலை நாலு மணி. இன்னொரு விஷயம், சித்தப்பா "இங்கே குளிர் பெரிதாக இல்லை" என்று சொல்லியிருந்தால் அது வன்கூவருக்கு மட்டும் உண்மை. கடல் காற்றால் அங்கே குளிர்காலம் மழைக்காலம் போலத்தான் போகும். அதை நம்பி மெல்லிய ஜக்கெற்றோடு ஒட்டாவாவில் இறங்கக் கூடாது.

நாடு முழுவதும் 99.8 லட்சம் சதுர கிலோமீற்றர், ரஷ்யாவுக்கு அடுத்தபடி உலகிலேயே பெரியது. சனத்தொகை நாலு கோடியைத் தாண்டியது 2023-இல்தான். 10 மாகாணங்கள், அவற்றுக்கு வடக்கே 3 பிரதேசங்கள். வடக்கு பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்க, ஆட்கள் அமெரிக்க எல்லையை ஒட்டித் தெற்கே நெருங்கி இருக்கிறார்கள். கியூபெக் நகரத்திலிருந்து வின்சர் வரை நீளும் ஒரு பட்டைக்குள்ளேயே ஏறக்குறையப் பாதிச் சனம். ரொறன்ரோவும் மொன்றியலும் ஒட்டாவாவும் அதற்குள்தான் வருகின்றன. கிழக்குக் கோடியில் நியூபவுண்ட்லாந்து. அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். 1986 ஓகஸ்டில் அகதிகளாக வந்த நம்மவர்கள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தது அந்தக் கரைக்கு அப்பால்தான், மீனவர்கள்தான் கண்டு காப்பாற்றினார்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எந்தப் பக்கத்தால் வந்தார்கள் என்பது தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்புறம் தலைநகரம். பெரிய நகரமாகத்தான் இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் ஒட்டாவாவைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்து போவார்கள். ரொறன்ரோவும் மொன்றியலும் இருக்க இது எப்படித் தலைநகரமானது என்று நானும் வந்த புதிதில் கேட்டுத் திரிந்தேன். 1812-இல் அமெரிக்காவோடு மூண்ட போர்தான் தொடக்கம். சென். லோறன்ஸ் ஆற்றை அமெரிக்கர் மறித்தால் ஏரிக்கரைக் கடற்படைத் தளமான கிங்ஸ்ரனுக்குச் சாமான் போகாது என்ற பயத்தில், உள்நாட்டு வழியாக 202 கிலோமீற்றர் நீளத்துக்கு ரீடோ கால்வாயை வெட்டினார்கள். 1826-இல் தொடங்கி 1832-இல் முடிந்தது. வேலையை நடத்திய கேர்ணல் ஜோன் பை என்பவரின் பெயரால், கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில் முளைத்த மரம் வெட்டுவோர் ஊருக்கு பைடவுன் என்று பெயர். 1855-இல் அது ஒட்டாவா ஆனது. தலைநகரம் தங்களுக்குத்தான் என்று ரொறன்ரோ, மொன்றியல், கியூபெக், கிங்ஸ்ரன் எல்லாம் இழுபறிப்பட்டுக் கொண்டிருந்தபோது, 1857-இன் கடைசி நாளில் விக்டோரியா மகாராணியார் இந்தச் சின்ன ஊரைத் தெரிவு செய்தார். எல்லையிலிருந்து தள்ளி இருக்கிறது, ஆங்கிலம் பேசுகிற பக்கமும் பிரெஞ்சு பேசுகிற பக்கமும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது என்பவைதான் முக்கியக் காரணங்கள். உங்கள் வாடகை வீட்டுக் கேள்விக்குப் பதிலும் அந்த இரண்டாவது காரணத்துக்குள்தான் இருக்கிறது.

இந்தியாவின் டெல்லி போல ஒட்டாவா தனிப் பிரதேசம் இல்லை. அது ஒன்ராறியோ மாகாணத்தின் ஒரு நகரம், அவ்வளவுதான். வடக்கே ஒட்டாவா ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கற்றினோ. கற்றினோ கியூபெக் மாகாணம். இரண்டு கரையையும் ஐந்து வீதிப் பாலங்கள் இணைக்கின்றன, நடந்தே கடக்கலாம். அரசாங்க அலுவலகங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன, தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து வேலைக்குப் போகிறார்கள். பார்த்தால் ஒரே ஊர். ஆனால் பாலத்தின் நடுவில் மாகாணம் மாறுகிறது. மாகாணம் மாறினால் பள்ளிக்கூடம், வைத்தியம், வரி, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாமே மாறும்.

நாங்கள் 2004-இல் வந்தபோது இது தெரியாமல்தான் மாட்டிக்கொண்டோம். வீடு காட்டியவர் "இதுவும் ஒட்டாவாதான், பாலம் ஒன்றுதான் குறுக்கே" என்றார். கற்றினோவின் ஹல் பகுதியில் மூன்றாம் மாடி, சன்னலைத் திறந்தால் ஆற்றுக்கு அப்பால் குன்றின் மேல் பாராளுமன்றம் வடிவாகத் தெரியும். வாடகையும் எங்கள் கைக்குள் அடங்கியது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். மகனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் முதல் அடி. கியூபெக்கில் குடியேறி வருகிறவர்களின் பிள்ளைகள் அரச பள்ளியில் பிரெஞ்சு மொழியில்தான் படிக்கவேண்டும், அது சட்டம். ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டிருந்த பிள்ளை முதல் மூன்று மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் வரிக்கணக்கு. என் கணவர் வேலை செய்தது ஒன்ராறியோ பக்கம், சம்பளத்தில் ஒன்ராறியோ கணக்கில் வரி பிடித்திருந்தார்கள். ஆனால் டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் குடியிருக்கிறோமோ அந்த மாகாணத்துக்குத்தான் மாகாண வரி. கியூபெக்கில் அது அதிகம். மத்திய அரசுக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று என்று இரண்டு படிவம் நிரப்பி முடித்தபோது கையிலிருந்து கட்டவேண்டிய மிச்சத்தைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் அன்றிரவு சாப்பிடவில்லை. கையிருப்பு அவ்வளவுதான் அப்போது.

இதற்காகக் கற்றினோ கூடாத இடம் என்று நான் சொல்லவே இல்லை. அருமையான ஊர், பின்னால் கற்றினோ பூங்காவின் மலையும் காடும், இலையுதிர் காலத்தில் அந்தச் சிவப்பைப் பார்க்கக் கண் போதாது. மானியம் பெறும் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைத்தால் கட்டணம் ஒன்ராறியோவைவிடக் குறைவு, உங்கள் மூன்று வயது மகனுக்கு அது பெரிய உதவி. என் மகன் இன்றைக்கு மூன்று மொழியிலும் சரளமாகக் கதைக்கிறான் என்றால் அந்தப் பள்ளிக்கூடம்தான் காரணம், அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். மத்திய அரசு வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு பிரெஞ்சு கையில் இருப்பது பெரிய பலம். ஆனால் நீங்கள் தெரிந்து எடுக்கவேண்டும், எங்களைப் போலத் தெரியாமல் விழக்கூடாது. பிரெஞ்சு படிக்க ஆயத்தமா, பெரியவர்களுக்கு மாகாண மருத்துவக் காப்புறுதி தொடங்க மூன்று மாதம் வரை காத்திருக்கமுடியுமா, வரிக்கென்று மாதாமாதம் காசு ஒதுக்கமுடியுமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். வாடகை மிச்சத்தை மட்டும் பார்த்து எடுப்பதானால் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஒட்டாவா பக்கத்தில் ஆங்கிலப் பள்ளியிலேயே பிரெஞ்சைச் சேர்த்துப் படிக்கும் வழி இருக்கிறது, மகளுக்கு முதல் வருடம் அது போதும்.

சரி, ஒட்டாவா பக்கம்தான் என்று முடிவெடுத்தாலும் "எல்லாம் கிட்ட" இல்லை. 2001-இல் சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் சேர்த்து ஒரே மாநகரமாக்கினார்கள். இப்போது மாநகர எல்லைக்குள் ஏறத்தாழ 2,790 சதுர கிலோமீற்றர். ரொறன்ரோ மாநகரத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் பரப்பு, ஆனால் சனம் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். பரப்பில் நமது யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். உள்ளே சோள வயலும் மாட்டுப் பண்ணையும் இருக்கின்றன. நடுவில் டவுன்டவுன், அதை வளைத்துப் பச்சை வளையம் என்று கட்டடம் கட்டாமல் விட்ட காடும் வயலும், அதற்கு வெளியே மேற்கில் கனாட்டா, தென்மேற்கில் பார்ஹேவன், கிழக்கில் ஓர்லியன்ஸ். கணினி நிறுவனங்கள் பெரும்பாலும் கனாட்டா பக்கம். கணவருக்கு அங்கே வேலை என்றால், தெரிந்தவர் இருக்கிறார் என்று ஓர்லியன்ஸில் வீடு எடுப்பது பெரிய பிழை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், அதை மைனஸ் 20 பாகையில் பஸ் மாறி மாறிப் போக நேரிடும். கார் வாங்கும்வரை அவருடைய வேலைத்தலத்துக்கு ஒரே பஸ்ஸிலோ ரயிலிலோ போகக்கூடிய இடத்தில் இருங்கள்.

குளிரைப் பற்றிப் பயமுறுத்த விரும்பவில்லை, ஆனால் நீங்கள் வருவது ஜனவரி. இரவில் சராசரியே மைனஸ் 14 பாகையை ஒட்டி இருக்கும், சில நாள் மைனஸ் 25-க்குக் கீழே போகும். பூட்ஸ், தடித்த ஜக்கெற், பிள்ளைகளின் பனி உடுப்பு இவற்றை ஊரில் வாங்காதீர்கள், அந்தக் குளிருக்குத் தாங்காது. அக்காவிடம் அளவு சொல்லி ரொறன்ரோவில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வந்த பிறகு உறைந்த ரீடோ கால்வாய்க்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். 7.8 கிலோமீற்றருக்குப் பனிச்சறுக்குத் தடம், நடந்தும் போகலாம், காசு இல்லை. 2023 குளிர்காலத்தில் போதிய உறைவு இல்லாமல் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. அந்த வருடம் ஊரே துக்கம் கொண்டாடியது போல இருந்தது. பாராளுமன்றக் குன்றுக்கும் ஒரு நாள் ஏறுங்கள். 2009 வசந்தத்தில் ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி நம் சனம் நாள்கணக்கில் நின்று கதறிய இடம் அது. நானும் கைக்குழந்தையோடு நின்றேன். இன்றும் அந்தப் புல்வெளியைக் கடக்கும்போது என் கால் தானாக மெதுவாகும்.

கடைசியாக விமானச் சீட்டு. ரொறன்ரோவில் இறங்கினால் அக்கா கூட்டிவந்து விடுவார் என்று எழுதியிருந்தீர்கள். ஜனவரியில், நீண்ட பயணக் களைப்போடு, நாலு பெட்டியும் இரண்டு பிள்ளைகளுமாக அதே இரவில் 401-இல் ஏறுவது வேண்டாம். இரண்டில் ஒன்று செய்யுங்கள்: ஒட்டாவா வரைக்குமே சீட்டுப் போடுங்கள், அல்லது அக்கா வீட்டில் இரண்டு மூன்று இரவு தங்கி, காலநிலை பார்த்துப் பகலில் வெளிக்கிடுங்கள். ஒட்டாவா வரை போடுவதானாலும், கனடாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில்தான் குடிவரவு அலுவல் நடக்கும். அது ரொறன்ரோவாக இருந்தால் அடுத்த விமானத்துக்கு இடையில் குறைந்தது நாலு மணி நேரம் விட்டுப் போடுங்கள். வதிவிட உரிமைப் பத்திரங்கள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். அவருடைய வேலைத்தலம் எந்தப் பகுதி என்று எழுதுங்கள், எந்தப் பக்கம் வீடு தேடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.