காய்ச்சல் மாத்திரையை 6 மணி நேரத்துக்கு ஒன்று என்கிறார்களே, சீக்கிரமே இன்னொன்று போட்டால் என்ன?

பாராசிட்டமாலை வைத்தே சொல்கிறேன். மாத்திரை வயிற்றில் கரைந்தாலும் மருந்து ரத்தத்தில் சேர்வது பெரும்பாலும் சிறுகுடலில்தான். வயிறு நிறையச் சாப்பிட்டபின் போட்டால் வேலை செய்யத் தாமதமாவது அதனால்தான். ரத்தத்தில் சேர்ந்த மருந்து சுமார் 2 முதல் 3 மணி நேரத்தில் பாதியாகக் குறையும்.

குறைப்பது கல்லீரல். பெரும்பகுதியை நீரில் கரையும் பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சாக மாறுகிறது. அதை குளுட்டாதயோன் என்ற பொருள் உடனுக்குடன் முறித்துவிடும். அடுத்தடுத்து மாத்திரை போட்டால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், அந்த நச்சு கல்லீரல் செல்களையே அழிக்கத் தொடங்கும். கொடுமை என்னவென்றால், முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது. அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து உண்டு. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாகக் காப்பாற்றும்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே கிட்டத்தட்ட அதைத் தொட்டுவிடும். தினமும் மது அருந்துபவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டே போட வேண்டும். பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது, அட்டையின் பின்புறத்தைப் படித்துவிடுங்கள்.