பட்டா இருந்தால் ஸ்டே (கோர்ட் தடை உத்தரவு) கிடைத்துவிடுமா?

தக்கலை பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் வளைகுடாவில் வேலை, ஆதாரமும் (இடத்தின் பத்திரம்) பட்டாவும் அவர் பெயரில். பக்கத்து விளைக்காரர் (தோட்டக்காரர்) கையாலையை, அதாவது எல்லைச் சுவரை, இடித்து 3 சென்ட் உள்ளே தள்ளி வேலி போடப் பார்க்கிறார், கேட்டால் இடமே என்னுடையது என்கிறார். "40,000 கொடுங்க, ரெண்டே நாளில் ஸ்டே வாங்கித் தாறேன்" என்று ஒரு தரகர் வந்து நிற்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். நீதிமன்ற உத்தரவை வாங்கித் தருவதாக எவன் சொன்னாலும் அவனை வீட்டுப் படி ஏற்றாதீர்கள். நேராக ஒரு வக்கீலைப் பாருங்கள், கட்டும் பணத்துக்கு ரசீது கேளுங்கள்.

பட்டா மட்டும் போதாது. அது வருவாய்த் துறைப் பதிவு, உரிமையைத் தருவது ஆதாரம்தான். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் பழைய ஆதாரம் பலதும் மலையாளத்தில் இருக்கும், சர்வே எண்ணும் பழையது. அதைப் புது எண்ணோடு பொருத்திக் காட்டாமல் மனுப் போட்டால் எதிர்த்தரப்பு முதலில் அங்கேதான் கை வைக்கும். என்னிடம் வந்த ஒருவரின் ஆதாரத்தில் கிழக்கு எல்லை ஓர் அயனி மரம், மரம் வெட்டி இருபது வருஷம் ஆகிவிட்டது. கடைசியில் வக்கீல் கமிஷனரும் (இடத்தைப் பார்த்து வரக் கோர்ட் அனுப்பும் வக்கீல்) சர்வேயரும் போய் அளந்த பிறகுதான் வழக்கு நகர்ந்தது.

இன்னொன்று, இடமே தன்னுடையது என்று பக்கத்து விளைக்காரர் சொல்வதால் வெறும் தடை மட்டும் கேட்டு வழக்குப் போடக் கூடாது, உரிமை விளம்புகையும் (இடம் உங்களுடையது என்று கோர்ட் அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோர்ட் கட்டணம் குறையும் என்று தரகர்கள் இதை விட்டுவிடச் சொல்வார்கள், பின்னால் அனுபவிப்பது நீங்கள்.

எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை கிடைக்குமா என்றால், ஜேசிபி வாசலில் நிற்கிற மாதிரி அவசரம் இருந்தால் கிடைக்கும். ஆனால் நீதிபதி அதற்குக் காரணம் எழுத வேண்டும். உத்தரவு வந்த கையோடு மனு, பிரமாணப் பத்திரம், பிராது (வழக்குரை), ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் எதிராளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அனுப்பிவிட்டேன் என்று அன்றைக்கோ மறுநாளோ கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். மறுநாள், அவ்வளவுதான் அவகாசம். இதைத் தவறவிட்டுக் கையிலிருந்த தடையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். எதிராளி முந்திக்கொண்டு கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்னும் முன்னெச்சரிக்கை மனு) போட்டிருந்தால், 90 நாளுக்கு அவருக்கு அறிவிப்புக் கொடுக்காமல் எதுவும் நடக்காது.

அப்படிக் கிடைத்த தடை மனுவை 30 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பது என்ன? எதிர்மனுவுக்கு ஒரு வாய்தா, வக்கீல் வரவில்லை என்று ஒரு வாய்தா, அப்புறம் கோடை விடுமுறை. ஏழை சனம் எத்தனை தடவைதான் பஸ் ஏறி வரும்?

சரி, நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது: கையாலை நிற்கும்போதே நாலு பக்கமும் படம் எடுங்கள். கர ரசீது, மோட்டார் கரண்ட் பில், தேங்காய் வெட்டிய கணக்கு எல்லாம் எடுத்து வையுங்கள், இடம் உங்கள் அனுபவத்தில் இருப்பதற்கு அவைதான் சாட்சி. ஆதாரம் கணவர் பெயரில் இருப்பதால் அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு உங்களுக்குப் பவர் (அவருக்காக நீங்கள் வழக்கு நடத்தும் அதிகாரப் பத்திரம்) அனுப்பட்டும். அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். பவரில் தரகர் பெயர் எந்த மூலையிலும் வரக் கூடாது.